கிரானைட் துண்டை பிரிட்ஜ் பக்கத்தில் ஒட்ட வேண்டாம்

"கிரானைட் பட்டறையில் மிச்சமாகும் துண்டைத் தேய்த்து, கிட்டார் பிரிட்ஜ் பக்கத்தில் ஒட்டினால் அழகும் வரும், சத்தமும் கூடும்" என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பிரிட்ஜ் என்பது கிட்டாரின் மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை. அழகு வரும், சரி. சத்தம் கூடாது, குறையும்.

அகூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக அந்தப் பலகையை ஆட்டுவதால்தான் நமக்குச் சத்தம் கேட்கிறது. அங்கே கனம் ஏற்றினால் ஆட்டம் சுருங்கிவிடும். மேல்பலகைக்குப் பெரும்பாலும் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தைவிடக் கிரானைட் சுமார் ஆறு மடங்கு கனம். சந்தேகம் இருந்தால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மாஸ்கிங் டேப்பால் பிரிட்ஜ் ஓரத்தில் ஒட்டி வாசித்துப் பாருங்கள். அது 8 கிராம்கூட இல்லை.

சூப்பர் க்ளூவும் வேண்டவே வேண்டாம். பாலிஷைத் தின்றுவிடும், பிறகு எடுக்கவும் முடியாது.

கைவேலை செய்ய ஆசையென்றால் தலைப்பகுதியில் செய்யுங்கள். பல கிட்டார்களில் அங்கே ட்ரஸ் ராட் மூடி என்று சின்னதாக ஒன்று இருக்கும், கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டின் முனையை மறைப்பது, இரண்டு மூன்று திருகாணிதான். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பலகைக்குப் பஞ்சமா? நான் மெல்லிய மாம்பலகையில்தான் செய்தேன். பழைய மூடியை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, ஓட்டைகளையும் குறித்துக்கொண்டு அறுத்தேன். 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேய்த்ததும் பழுப்பு ரேகைகள் அப்படியே எழுந்து வந்தன. பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

கல்தான் வேண்டுமென்றால் மெல்லிய சில்லாக அதே மூடியில் பதியுங்கள். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.