கியோஸ் போனால் மரத்தடிக்கும் போங்கள்

கிரேக்கத் தீவு என்றதும் நம்மவர்கள் பலரும் சாந்தோரினிக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தீவின் மண்ணும் ஊரும் பிழைப்பும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க ஆசையிருந்தால், கியோஸுக்குப் போங்கள் என்பேன். ஏஜியன் கடலின் கிழக்கு ஓரம். துருக்கிக் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

தீவின் தெற்கில்தான் மஸ்திஹா மரங்கள். முறுக்கிய தண்டும் குட்டையான உருவமுமாக நிற்கும். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி கேட்டால் தருவார்களே, அந்தப் பிசின் இந்த மரத்தினுடையதுதான். இதே இனம் மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் வளர்கிறது. பேர் சொல்லும்படி பிசின் எடுப்பது மட்டும் இங்கேதான்.

கோடையில் போனால் வேலையை நேரில் பார்க்கலாம். மரத்தடியைப் பெருக்கிச் சமப்படுத்தி, வெள்ளைச் சுண்ணப் பொடி தூவுகிறார்கள். கூரான சிறு கருவியால் பட்டையில் கீறுகிறார்கள். பிசின் சொட்டுச் சொட்டாக வடிந்து அந்தப் பொடிமேல் விழும். அது இறுகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்புறம் பொறுக்கி, சலித்து, கழுவி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மணியிலும் ஒட்டிய மண்ணைச் சிறு கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை இது. இவ்வளவு பாடுபட்டும் ஒரு மரம் ஆண்டுக்குத் தருவது சுமார் 150 முதல் 200 கிராம். ஒரு மணியை வாயில் போட்டால் முதலில் பொடிந்து லேசாகக் கசக்கும். மெல்ல மெல்ல வெள்ளைப் பசையாகத் திரண்டு, பைன் மர வாசனை தொண்டைவரை இறங்கும். இந்தச் சாகுபடி அறிவைத்தான் 2014-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஊர்கள் இப்படி அமைந்ததற்கும் இந்தப் பிசின்தான் காரணம். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்கள், விளைச்சலைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஊர்களைக் கோட்டையாகவே கட்டினார்கள். மெஸ்தாவில் ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே ஊரின் மதில். உள்ளே தெருக்கள் வேண்டுமென்றே வளைந்து குழப்பும். தலைக்கு மேல் வளைவுகள் வீட்டுக்கு வீடு முட்டுக் கொடுக்கும். கொள்ளையரை நிறுத்திய அதே வாசல்கள், பிசினை ஒளித்து வெளியே கொண்டுபோக விடாமல் விவசாயியையும் கண்காணித்தன. அந்த அழகுக்குள் இந்த அடக்குமுறையும் இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும்.

பிர்கியில் வீட்டு முகப்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கருமணல் கலந்த பூச்சின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் சுரண்டி எடுக்கும் வேலை. அதே வீடுகளின் பால்கனியில் சரம் சரமாகச் சின்னத் தக்காளி தொங்கும்.

1822-இல் துருக்கி சுல்தானின் ஒட்டோமான் படை தீவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பதினொன்றாம் நூற்றாண்டு மொசைக்குகள் உள்ள நேயா மோனி மடத்தில் தஞ்சம் புகுந்தவர்களும் தப்பவில்லை. அவர்களின் எலும்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன. மஸ்திஹா ஊர்கள் மட்டும் பெரும்பாலும் பிழைத்தன. சுல்தானின் அரண்மனைக்குப் பிசின் வேண்டியிருந்தது. அதே படுகொலையில் சிதைந்து, பிறகு ஆளொழிந்துபோன அனவத்தோஸ் என்ற ஊர் ஒரு பாறை உச்சியில் நிற்கிறது. பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் அங்கே பிழைப்பு இல்லை. பிர்கியில் இன்னும் அடுப்பெரிகிறது என்றால், அதற்கு முதல் காரணம் ஊருக்கு வெளியே நிற்கும் மரங்கள்தான்.

அதனால்தான் பேருந்தில் வந்து பிர்கி சுவர் முன்னால் படமெடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடும் சுற்றுலாமேல் எனக்குக் கோபம் வருகிறது. 2012 ஆகஸ்ட் காட்டுத்தீயில் ஏராளமான மஸ்திஹா மரங்கள் கருகின. புதுக் கன்று நட்டால் முதல் பிசினுக்கே ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை ஊரில் இளைஞர்கள் எதை நம்பி இருப்பார்கள்? மரங்கள் போனால் அந்தச் சுவர்களைச் சுரண்டிப் புதுப்பிக்கவும் ஆள் இருக்காது.

போகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். கடற்கரை விடுதி வேண்டாம். மெஸ்தாவின் பழைய கல்வீடுகளில் அறை கிடைக்கும், ஓர் இரவாவது தங்குங்கள். பிர்கி பக்கம் 2016-இல் திறந்த மஸ்திஹா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, காலை வெயில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்குப் போங்கள். பிசின் வாங்குவதானால் 1938-இலிருந்து நடக்கும் விவசாயிகள் சங்கத்தின் சரக்கையே கேட்டு வாங்குங்கள்.