எங்கள் மலையை மொட்டை மலை என்று சொல்லாதீர்கள்

வேலூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் எடுத்துவிடும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாகப் போனதைப் பாலத்தில் நின்று பார்த்தோம். மலை மட்டும் இன்னும் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஊர்க்காரர்களே 'மொட்டை மலை' என்கிறபோது எனக்கு மனசு வலிக்கிறது.

மூன்று வருடமாக ஞாயிறு காலையில் சத்துவாச்சாரிப் பக்கம் மலையேறுகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால் போனேன். ஒரு நாள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது எதிர்ப்பாறையில் ஒரு ஓணான். தலையும் முதுகும் செக்கச்செவேல், பக்கவாட்டில் தார் பூசியதுபோல் கறுப்பு. தண்டால் எடுப்பதுபோல் உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. இரண்டடி தள்ளிப் பாறை நிறத்திலேயே இன்னொன்று ஒட்டிக்கிடந்தது, அது பெண். பாறை ஓணான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இணைசேரும் காலம் முடிந்தால் ஆணின் அந்த நிறமும் மங்கிவிடும். கீழே பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில் இவ்வளவு நடக்கிறது!

அப்புறம் செடிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். நம் மலையில் இருப்பது முள்காடு. துரிஞ்சி, வெள்வேல், காரை, சூரை, விராலி, கள்ளி. வெயிலில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், மழை விழுந்தால் துளிர்க்கும். துரிஞ்சி இலையைக் காயவைத்து அரைத்தால் அதுதான் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. ஆவாரையை மாட்டுப்பொங்கல் மாலையில் பார்த்திருப்போம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்துக்கே சோறு போட்ட தோல் தொழிலில், குரோமியம் வருவதற்கு முன்னால் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. அதைப் போய் வெறும் புதர் என்கிறோம்.

ஆடு மேய்க்கிற ஆயா ஒருவர் ஒரு நாள், "இன்னா தம்பி, கல்லாண்ட தேடிக்கினு கீற?" என்று கேட்டார். நான் தேடியது அவர் மடியிலேயே இருந்தது: கள்ளிமுளையான். விரல் தடிமனில் பச்சைத் தண்டு, நாலு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும். புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பாராம். ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். லேசான கசப்பு. இந்த மலையில் எது எங்கே முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆகும்.

போன வருடம் அடிவாரத்தில் மரம் நடும் விழா நடந்தது. நடட்டும், நல்லதுதான் என்று போனேன். ஜேசிபியை விட்டுக் குழி தோண்டியிருந்தார்கள். துரிஞ்சியும் காரையும் வேரோடு ஓரத்தில் குவிந்து கிடந்தன. அந்த இடத்தில் நட்டது தூங்குமூஞ்சியும் குல்மோஹரும். ஒன்று தென் அமெரிக்க மரம், இன்னொன்று மடகாஸ்கர் மரம். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை, பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. நட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு காடு இருந்தது அவர்கள் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். அகற்றத்தான் வேண்டும் என்றால் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இருக்கின்றன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் செடிகளின் இடத்தைப் பிடித்தவை.

தீ வைப்பது இன்னும் கொடுமை. கோடையில் ராத்திரி மலையில் சிவப்பாக ஒரு கோடு ஓடும், நாம் மாடியில் நின்று போட்டோ எடுப்போம். அந்தக் கோட்டுக்குள் கௌதாரி முட்டையும் இருக்கும்.

நான் கேட்பது இதுதான். இனி மலையில் குழி தோண்டுவதற்கு முன்னால், செடி தெரிந்த ஒருவரோடு ஒரு காலை நடந்து பாருங்கள். அந்த ஆயா மாதிரி ஒருவர் போதும். ஐப்பசி மழை பிடித்த பிறகு போனால் பாறை இடுக்கெல்லாம் பச்சையாக இருக்கும், புதர் மேல் செங்காந்தள் ஏறிப் பூத்திருந்தாலும் இருக்கும். ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.