அடகுக்கடைக்கு அடகு வைக்க ஒருவரும் வருவதில்லையா?

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குத் தட்டு வைப்போம். தட்டில் தோசை விழும் நேரத்துக்குச் சரியாகக் கூடத்துத் தொலைக்காட்சியில் அந்தக் கேள்வியும் வந்து விழும். லாஸ் வேகஸ் நகரத்து அடகுக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் மொட்டைத்தலைக்காரர், "அடகு வைக்கிறீர்களா, விற்கிறீர்களா?" என்று கேட்பார். எதிரில் நிற்பவர் இமைக்கும் நேரம்கூட யோசிக்காமல் "விற்கிறேன்" என்பார். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் 'பான் ஸ்டார்ஸ்' ('பான்' என்றால் ஆங்கிலத்தில் அடகு) நிகழ்ச்சியின் துண்டுக் காணொளிகளை யூடியூபில் மூன்று மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுவதால் எனக்கும் தப்பிக்க வழியில்லை. சலித்துப்போய் ஒரு கட்டத்தில் கணக்கு வைக்கத் தொடங்கினேன். இதுவரை அறுபதுக்கு மேல் பார்த்தாயிற்று. அடகு வைக்கத்தான் வந்தேன் என்று வாய் திறந்து சொன்னவர்களை எண்ண ஒரு கையே போதும், அதிலும் விரல் மிஞ்சும். அடகுக்கடை என்று பலகை மாட்டி, அடகுக்கடை என்று நிகழ்ச்சிக்குப் பெயரும் வைத்துவிட்டு, அடகு என்ற ஒன்றை மட்டும் கண்ணில் காட்டாமல் இத்தனை ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்களே, இது என்ன கூத்து?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் தொடங்கிய நிகழ்ச்சி இது. அமெரிக்கக் கடற்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய பெரியவர் ரிச்சர்டு ஹாரிசன், அவருடைய மகன் ரிக், பேரன் கோரி, கோரியின் சிறுவயதுத் தோழனாகிய சம்லி என்கிற வேலையாள் ஆகிய நால்வரும், அந்தக் குடும்பம் 1989 முதல் நடத்திவரும் கடையில் வருகிறவர்களிடம் பேரம் பேசுவார்கள். 2011இன் தொடக்கத்தில் அந்த அலைவரிசையிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி இதுதான். பெரியவர் 2018 ஜூன் மாதம் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் அவர் இன்னும் தினமும் நாற்காலியில் கண்ணயர்ந்துகொண்டும், விழித்தபோதெல்லாம் பேரனை வைதுகொண்டும் இருக்கிறார்.

நிகழ்ச்சி தொடங்கிய காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்த 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் நூற்றுக்குப் பத்துப் பேர். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டைப் பறிகொடுத்தவர்களின் விகிதத்தில் நெவாடா மாநிலம் அந்த நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற ஆண்டுகள் அவை. லாஸ் வேகஸ் அந்த மாநிலத்தின் பெருநகரம். போதாக்குறைக்குச் சூதாட்ட நகரம். இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட ஆண்டுகளில், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருந்த ஓர் அடகுக்கடைக்குள் யார் வந்திருப்பார்கள்? நிகழ்ச்சியை நம்பினால், உள்நாட்டுப் போர்க்காலத்துத் துப்பாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு சிரித்த முகத்துடன் வந்தவர்கள்தாம் அத்தனை பேரும். தாத்தாவின் பரணிலிருந்து கிடைத்த வாள், பழைய சோடா விற்பனை இயந்திரம், கையெழுத்திட்ட கிட்டார். ஒருவருக்காவது மறுநாள் வாடகை கட்ட வேண்டியிருந்ததா என்றால், இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் கேமராவைப் பார்த்து, மனைவியை நல்ல உணவகத்துக்கு அழைத்துப் போகப்போகிறேன் என்றோ சூதாட்ட மேசையில் அதிர்ஷ்டத்தைப் பார்க்கப்போகிறேன் என்றோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். காருக்குப் பெட்ரோல் போட என்று சொன்ன ஓர் ஆளை எனக்குக் காட்டுங்கள்.

அந்தப் பேரமாவது பார்க்கும்படி இருக்கிறதா? பொருள் மேசைக்கு வரும். ரிக் அதன் வரலாற்றை மூன்று வரியில் ஒப்பிப்பார். "எனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர் இருக்கிறார், கூப்பிடட்டுமா?" என்பார். நிபுணர் வருவதற்குள் விளம்பரம். விளம்பரம் முடிந்ததும், அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை, நாம் ஏதோ மயக்கமடைந்து விழுந்து எழுந்தவர்கள் போல, முதலிலிருந்து மறுபடியும் சொல்வார்கள். யூடியூபில் விளம்பரத்தை வெட்டிவிட்டாலும் இந்த மறுஒப்பிப்பு மட்டும் வெட்டப்படாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிபுணர் பொருளைப் புரட்டிப் பார்த்து, ஏலத்தில் ஆயிரம் டாலர் போகும் என்பார். உடனே ரிக்கின் முகம் வாடிவிடும். ஃபிரேம் போட வேண்டும், ஏலக்காரருக்குக் கூலி தர வேண்டும், அலமாரியில் ஓராண்டு தூங்கும் என்று கணக்குச் சொல்லி நானூறுக்கு இறங்குவார். இருவரும் கை குலுக்குவார்கள். மறுநாளும் இதுதான், அதற்கு மறுநாளும் இதுதான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: தாடியும் தொப்பியுமாக வரும் அருங்காட்சியக நிர்வாகி மார்க் ஹால்-பேட்டன் பேசும்போது மட்டும் என் தோசை ஆறிப்போகிறது. லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் கவுன்டி என்ற மாவட்டத்தின் அருங்காட்சியகங்களை நடத்தியவர் அவர். விலையைப் பற்றி அவர் கவலைப்படுவதே இல்லை. பொருளைப் பற்றித்தான் பேசுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கொதிக்க வைப்பது பேரம் முடிந்த பிறகு வரும் அந்த வெட்டு. விலை படிந்ததும், "வாருங்கள், எழுத்து வேலையை முடித்துவிடலாம்" என்பார்கள். காட்சி அங்கே அறுந்துவிடும். அடையாள அட்டையைக் காட்டி, விவரம் எழுதி, கையொப்பமிட்டுச் சீட்டு வாங்குவது எல்லாம் அந்த வெட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அடகுக்கடை என்பதே அந்த மேசைதான். அதை ஏன் காட்டுவதில்லை என்று தேடிப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அடகு வைப்பவர் யார் என்பதை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது சட்டம். நிகழ்ச்சி புகழ்பெற்று, நாளொன்றுக்கு நூறு பேர்கூட வராத கடைக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுலாக்காரர்கள் கைப்பேசியும் கேமராவுமாக வரத் தொடங்கியதால், ஹாரிசன் குடும்பத்தார் தங்கள் சொந்தக் கடையின் விற்பனை மேசையிலேயே நிற்க முடியாமல் போயிற்று. படப்பிடிப்பு நாளில் கடையை மூடிவிட்டு, பொறுக்கியெடுத்த சிலரை மட்டும் உள்ளே விடுகிறார்கள். அதாவது, நாம் பார்க்கும் அந்த நேரத்தில் அது அடகுக்கடையே இல்லை. உண்மையான வாடிக்கையாளர் கதவுக்கு வெளியே நிற்கிறார்; உள்ளே நாடகம் நடக்கிறது. இதைத்தான் 'ரியாலிட்டி' என்று பெயரிட்டு உலகம் முழுவதும் விற்றிருக்கிறார்கள்.

அடகு வைத்தவரின் முகத்தை மறைப்பது நியாயம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. முகத்தை மறைத்த கையோடு ஆளையே இல்லாமல் ஆக்கிவிட்டதுதான் வயிற்றெரிச்சல். முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்க முடியாதா? இருநூறு டாலருக்குக் கல்யாண மோதிரத்தை வைத்தால் என்ன ஆகும்? நெவாடா மாநிலச் சட்டம் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே வட்டி வாங்க இடம் கொடுக்கிறது. மாதத்துக்கு, ஆண்டுக்கு அல்ல. கெடு முடிவதற்குள் அசலும் வட்டியும் கட்டினால் மோதிரம் திரும்பும். கட்டாவிட்டால் கடைக்குச் சொந்தம். கடன் பாக்கி என்று யாரும் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார்கள்; போவது பொருளோடு போகிறது. வைத்தவர்களில் பெரும்பாலோர் எப்படியாவது வந்து மீட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதும், அந்த வட்டிதான் கடைக்காரரின் சோறு என்பதும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பழைய வாளை நானூறுக்கு வாங்கி எண்ணூறுக்கு விற்றா மூன்று தலைமுறை பிழைத்தது? குடும்பம் நடத்தும் கடை என்று வரிக்கு வரி சொல்கிறார்களே, அந்தக் கடையை நடத்தியது யாருடைய குடும்பத்தின் வட்டி என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா?

இவ்வளவு சூடு எனக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவின் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றரைப் பவுன், முறுக்குச் சங்கிலி. நான் பள்ளியில் படித்த ஆண்டுகளில் அது எங்கள் ஊர்க் கடைவீதியில் இருந்த ஓர் அடகுக்கடைக்கு ஆறு முறை போய் ஐந்து முறை திரும்பியது. நான் துணைக்குப் போவேன். கடைக்காரர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டுப் பார்ப்பார். பிறகு சின்னத் தராசு. எடையில் அழுக்குக்கு இவ்வளவு, கொக்கியின் பற்றுக்கு இவ்வளவு என்று கழிப்பார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. முதல் மாத வட்டியை அப்போதே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் எண்ணிக் கொடுப்பார். சங்கிலி ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் போய், மேலே எண் எழுதப்பட்டு, இரும்புப் பெட்டிக்குள் மறையும். அம்மா கடைசி வரை பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்; பணத்தை எண்ணுவது என் வேலை. ரோஸ் நிறச் சீட்டை நான்காக மடித்து, ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுவார். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது அந்த உறை என்று எங்கள் மூவருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆறாம் முறை அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட ஆண்டு. வட்டி ஏறி, ஏல அறிவிப்பு தபாலில் வந்து, சங்கிலி மூழ்கிப்போனது. அந்தச் சீட்டை அம்மா கிழித்துப் போடவில்லை. இன்றும் இருக்கிறது.

கடைக்காரர் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு முறை எங்களுக்காகக் கெடுவைத் தள்ளிப் போட்டவர்தான். அந்தக் கடையில் நடந்தது பேரமே அல்ல என்பதைத்தான் சொல்கிறேன். தேவையோடு வந்தவளிடம் பேரம் பேச என்ன இருக்கிறது? அவர் எழுதியதுதான் தொகை.

சரி, அடகு வைக்க வருகிறவர்களைக் காட்டிய நிகழ்ச்சியே இல்லையா என்று தேடினால், அதுவும் இருக்கிறது. அதைப் பார்த்தபின் முன்னதே மேல் என்று ஆகிவிட்டது. 'ஹார்ட்கோர் பான்' என்று ஒன்று, 2010 முதல் 2015 வரை ட்ரூடிவி என்ற அமெரிக்க அலைவரிசையில் வந்தது. டெட்ராய்ட் நகரத்தில் லெஸ் கோல்டு என்பவரும் அவருடைய மகனும் மகளும் நடத்திய கடை. அங்கே அடகு வைப்பவர்கள் வருகிறார்கள், வந்ததும் கத்துகிறார்கள். கெடு தாண்டிய நகையைக் கேட்டு ஒரு பெண் கூச்சலிடுவாள். கடைக்காரர் குரலை உயர்த்துவார். மலை போன்ற காவலாளிகள் இருவர் வந்து அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். பின்னணியில் வேடிக்கை இசை. அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே, 2013 ஜூலை 18 அன்று, டெட்ராய்ட் நகராட்சி திவாலானதாக நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. அதுவரை அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரத் திவால் நடந்ததில்லை. ஊரே மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் மோதிரம் மூழ்கியவள் கத்தினால் அது நகைச்சுவையாம். ஒரு நிகழ்ச்சியில் அவளுக்கு இடமே இல்லை, மற்றொன்றில் அவள் கோமாளி. நல்ல நியாயம்.

இவற்றையெல்லாம் மனத்துக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் மகன் கேட்டதுதான் என் வாயைத் திறந்துவிட்டது. வழக்கம்போல் தோசை, வழக்கம்போல் ரிக். திடீரென்று திரும்பி, "அப்பா, பாட்டி அந்தச் சங்கிலிய முதல் தடவையே வித்திருந்தா அத்தனை வட்டி மிச்சமாயிருக்கும்ல?" என்றான். கணக்கில் பிழையே இல்லை. இந்த நிகழ்ச்சி அவனுக்குக் கற்றுக் கொடுத்தது இதைத்தான்: பொருள் என்றால் விலை, கடை என்றால் விற்பனை. எதை வைக்கிறோமோ அதைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே வைக்கிறோம் என்பதை அறுபது காணொளிகளில் ஒன்றுகூட அவனுக்குச் சொல்லவில்லை. நான் பொரிந்து தள்ளினேன். மேலே எழுதியிருப்பதில் பாதியைச் சாப்பாட்டு மேசையிலேயே உரக்கச் சொல்லி முடித்தேன். மனைவி சட்னிக் கிண்ணத்தை என் பக்கமிருந்து நகர்த்தி வைத்தாள்.

அம்மா எதுவும் பேசவில்லை. ஆங்கிலம் தெரியாததால் பேச்சை விட்டுவிட்டு எப்போதும் கைகளையே பார்ப்பார். அன்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரங்களை முழுதாகப் பார்த்துவிட்டு, என் மகனைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, வர்றவங்க எல்லாம் பொருளைக் குடுக்கறாங்க, காசை வாங்கறாங்க, ஒருத்தர்கூடச் சீட்டு வாங்காமப் போறாங்களே. நாளைக்கு எதைக் காட்டித் திருப்புவாங்க?"