மகப்பேறு விடுப்பில் இருந்தவர் பணியில் இல்லாதவரா?

சர்வீஸ் பிஜி, அதாவது அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான முதுநிலை மருத்துவப் படிப்பு இடங்களின் தற்காலிகப் பட்டியல் வந்த நாளிலிருந்து நடக்கும் சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்தப் பட்டியலில் உள்ள இளம் மருத்துவர், நம் தங்கை ஒருவரின் மகப்பேறு விடுப்பைக் கழித்தால் இந்த இடங்களுக்குத் தேவையான குறைந்தபட்சப் பணிக்காலம் நிறைவடையவில்லை, ஆகவே அவர் பெயரை நீக்க வேண்டும் என்று ஆட்சேபணை மனு கொடுத்தவரும் ஓர் அரசு மருத்துவர் என்று அறிந்தபோதுதான் மனம் விட்டுப்போனது.

மகப்பேறு விடுப்பு பணிக்காலமே. 2021 ஜூலை 1 முதல் தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு அதை 12 மாதங்களாக உயர்த்தி, முழு ஊதியத்தோடு தருகிறது. ஊதிய உயர்வுக்கும் அந்த மாதங்கள் கணக்கில் சேர்கின்றன. 2025 மே மாதம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு பிணைந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சம்பளத்துக்குப் பணியில் இருந்தவர், மேற்படிப்பு என்று வரும்போது மட்டும் பணியில் இல்லாதவராகிவிடுவாரா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருந்தபோது எட்டாம் மாதம். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். வந்தவர்களிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி எண்ணைக் கேட்டு, எடை பார்த்து, மதியத்தில் இரண்டு மணி நேரமாவது இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கால்கள் வீங்கிச் செருப்பு நுழையாததால் மேசைக்கு அடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பெண் எழுந்து போனதும் எங்கள் செவிலியர் அக்கா, "மேடம், உங்க பிரஷரையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினார். 150க்கு 100. அன்று மாலையே நான் நோயாளியாக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனேன். அதன் பிறகு நான் எடுத்த விடுப்பை யாராவது "வேலை பார்க்காத நாட்கள்" என்று எழுதியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. அந்தத் தங்கைக்கு இன்று அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"நாங்கள் ஒரு நாள்கூட விடாமல் வேலை பார்த்தோமே, எங்களுக்கு அநியாயமில்லையா" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தரவரிசைக்கு அடிப்படை, முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பிஜியின் மதிப்பெண்; அந்தத் தேர்வை அவரும் எழுதினார், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எழுதினார். காகிதத்தில் மலைக் கிராமத்திலும் நேரில் நகரத்திலுமாக மாற்றுப்பணியில் இருந்துவிட்டுப் பணிச்சான்று வாங்குகிறவர்கள் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைக் கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அதைக் கேட்கத் துணியாதவர்கள் பிள்ளை பெற்றவளின் நாட்களை எண்ணுவதுதான் எனக்கு வலிக்கிறது.

இந்தச் சண்டையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சர்வீஸ் ஒதுக்கீடே கொல்லைப்புற வழி என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி முதலிலேயே அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறது. மீதியில் பாதிதான் எங்களுக்கு. அதற்கும் அதே நுழைவுத் தேர்வு, அதன் பிறகு அரசுப் பணியிலேயே தொடர்வேன் என்ற உறுதிப் பத்திரம். இதில் கொல்லைப்புறம் எங்கே இருக்கிறது? 2016இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், மருத்துவக் கவுன்சில் விதியின்படி முதுநிலைப் பட்டப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கூடாது, தொலைதூரப் பகுதிப் பணிக்கான ஊக்க மதிப்பெண் மட்டுமே தரலாம் என்றானது. அதை எதிர்த்து 2017இல் நாம் தெருவில் நின்றோம். 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் போராட்டப் பந்தல்களில் பெண் மருத்துவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். விடுப்பைக் கழித்துக்கொள்ளலாம் என்று அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

சீமாங் எனப்படும் அவசரகாலத் தாய்-சேய் சிகிச்சை மையங்களில் நள்ளிரவில் சிசேரியன் செய்ய மகப்பேறு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் வேண்டும். அவர்களை உருவாக்கத்தான் இந்த இடங்கள். அந்தத் தங்கை கேட்டிருப்பதும் மகப்பேறு மருத்துவம்தான். பிள்ளை பெற்ற காரணத்துக்காக அந்தப் படிப்பிலிருந்தே அவரை விலக்குவதை எந்த மனதோடு கேட்கிறீர்கள்?

மனு கொடுத்த தம்பிக்கு: உங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வரும் வியாழக்கிழமை அந்தத் தங்கை சான்றிதழ்களோடு விளக்கம் கொடுக்கப் போகிறார். குழந்தை இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை; தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் உள்ளே பேசி முடிக்கும் வரை குழந்தையை வைத்திருக்க நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.