20 ஆண்டு வரம்பு குறித்து ஒரு திருத்தம்

20 ஆண்டுகள் கடந்த பொதுப்பணிக் கோப்புகளை நகராட்சிகள் அழித்துவிடலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டமே சொல்வதாக மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், இது சரியன்று. அவர் கருதுவது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(3) பிரிவாக இருக்க வேண்டும். அப்பிரிவு ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை குறித்த தகவலை, நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற, சட்டமன்றச் சிறப்புரிமை, அமைச்சரவை ஆவணங்கள் ஆகியவை தொடர்பான விலக்குகளைத் தவிர, தகவல் தர மறுக்க இடமளிக்கும் 8(1) பிரிவின் மற்ற விலக்குகளைக் காட்டி மறுக்கக் கூடாது என்றே சொல்கிறது. மக்களுக்குக் கதவைத் திறக்கும் பிரிவை அழிப்பதற்கான அனுமதியாகப் படிப்பது வருத்தம் தருகிறது.

அளவுப் புத்தகம் (செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு), ஒப்பந்தக் கோப்பு போன்றவற்றின் காலவரம்பை அந்தந்தத் துறையின் ஆவணப் பராமரிப்பு விதிகளில்தான் தேட வேண்டும். ஆனால், கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடங்களையும் மண் பரிசோதனை அறிக்கைகளையும், தணிக்கை முடிந்த கையோடு கழித்துவிடாமல், அந்தக் கட்டுமானம் பயன்பாட்டில் உள்ளவரை காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்து 135 பேரைப் பலிகொண்ட குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அவ்வளவு பழைய ஒன்றைப் பழுதுபார்க்க வரும் பொறியாளருக்கு, மூல வடிவமைப்பும் முந்தைய பழுதுபார்ப்புக் குறிப்புகளும் கையில் இருந்தால்தான் அது தாங்கக்கூடிய எடையை நம்பிக்கையோடு கணிக்க முடியும்.