தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டவள்

வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி நேற்றுக் கேட்டாள்: "அக்கா, பயணம் போனா ஆளே மாறிடும் எண்டு எல்லாரும் போடுறாங்களே, உண்மையா?" அவள் டிசம்பரில் தாய்லாந்து போகப் போகிறாள். நானும் பாங்கொக் போனேன், சிங்கப்பூர் போனேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைகள் ஆறு வந்தன. நான் போனபடியே திரும்பி வந்தேன். அவளுக்கு அப்போது பாதிப் பதில்தான் சொன்னேன். மீதி இது. நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கொஞ்சமாவது மாற்றிய பயணம் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுப் படலையில் தொடங்கியது. 2018 ஜூன் கடைசியில் பெரியம்மாவோடு கதிர்காம முருகன் கோயிலுக்கு நடந்தேன். பக்தியால் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு அப்போது 63 வயது, அது அவருடைய ஏழாவது நடை. தனியே விட வீட்டாருக்குப் பயம். கலியாணம் ஆகாதவள், லீவு சேர்த்து வைத்திருப்பவள் என்று என்னைப் பிடித்து அனுப்பினார்கள். காவலுக்குப் போகிறேன் என்ற நினைப்போடு போனேன். மூன்றாம் நாள் காலில் கொப்புளம் உடைந்து வீதியோரம் உட்கார்ந்தபோது, யார் யாருக்குக் காவல் என்பது தெளிவாகிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின இரவு பெரியம்மா என் பையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நிலத்தில் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, "இத ஆரு சுமக்கிற?" என்று கேட்டார். ஷம்பூ, இரண்டாவது சோடிச் செருப்பு, பவர் பேங்க், ஒரு நாவல். பாதிக்கு மேல் வீட்டிலேயே நின்றுவிட்டன.

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து வேலோடு கிழக்குக் கரை நெடுக நடந்து வருகிறவர்களை நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வழியில் ஊர் ஊராக ஆட்கள் சேர்வார்கள். சேர்ந்த நிமிடத்தில் பெயர் போய்விடும். ஆண், பெண், சின்னவர், பெரியவர் எல்லாரும் "சாமி". நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருப்பவள். காலை எட்டரையில் இருந்து "மிஸ்", "மிஸ்" என்று கேட்டே பழகிய காது. "சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன முதல் இரவில் எனக்கு வந்தது பணிவு இல்லை, எரிச்சல்தான்.

காரைதீவைத் தாண்டும்போது ஒன்று யோசித்தேன். 1892இல் அந்த ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னைக்குப் போய்த் துறவியானார், சிதம்பரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் இருந்து பத்திரிகை நடத்தினார். பழந்தமிழ் இசை பற்றிய அவருடைய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. போன இடமெல்லாம் வேலை செய்தவர், வருடக் கணக்கில் அங்கத்தைய சோற்றைத் தின்றவர். நான்கு இரவு ஐந்து பகல் கணக்கில் அதெல்லாம் வருமா?

சரி, தண்ணீர் விசயத்துக்கு வருகிறேன்.

முஸ்லிம் ஊரான நிந்தவூருக்குள் நடக்கும்போது உச்சி வெயில். என் போத்தலில் சொட்டு இல்லை. பெரியம்மா ஒரு வீட்டுப் படலையைக் காட்டி, "போய்க் கேள் புள்ள" என்றார். நான் அசையவில்லை. கடை வந்தால் காசு கொடுத்து வாங்கலாம் என்றேன். கேட்பது எனக்குப் பழக்கம் இல்லை, என்னிடம்தான் ஆட்கள் கேட்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தமிழ் ஊரான எங்கள் ஊருக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் நடுவில் காத்தான்குடி, அதுவும் முஸ்லிம் ஊர். நான் ஒவ்வொரு நாளும் அதற்குள்ளால்தான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். 34 வயது வரைக்கும் அங்கே ஒரு வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. உடுப்பு வாங்கியிருக்கிறேன், ஆனால் தண்ணீர் குடித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. எங்கள் இரண்டு பக்கமும் தொண்ணூறுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, போகாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நாம கேக்காட்டி அவங்க ஆருக்குக் குடுக்கிற?" என்று சொல்லிவிட்டு, தானே போய்ப் படலையைத் தட்டினார். ஒரு உம்மா வந்தார். "கதிர்காமத்துக்கா? உள்ள வந்து இருங்க" என்றார். தேசிக்காய்த் தண்ணி வந்தது, பிறகு பிளேன்டீ வந்தது. என் காலைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சுடுதண்ணீரும் உப்பும் ஒரு பேசினில் கொண்டுவந்து வைத்தார். அரை மணித்தியாலம் அந்த வீட்டு விறாந்தையில் காலை நனைத்துக்கொண்டு இருந்தேன். அவருடைய மகளுக்கு என் வயது. முழங்கால் வலியைப் பற்றி இரண்டு கிழவிகளும் பேசித் தீர்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்குடாவில் 'உள்ளூர் அனுபவம்' என்று சோறு கறி சமைக்கக் காசு வாங்கிக் கற்பிக்கிறார்கள். கேலி செய்ய மாட்டேன், அது ஒரு வீட்டின் உழைப்பு. சீசன் முழுக்கப் பொத்துவில் பெடியன்களோடு அலையில் விழுந்து எழும்பும் வெள்ளைக்காரர்கள், பாங்கொக்கில் நான் கற்றதைவிடக் கூடக் கற்றிருப்பார்கள். ஆனால் காசு கொடுத்ததும் நாம் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறோம். பிடிக்காவிட்டால் முறையிடலாம். அந்த விறாந்தையில் எனக்கு முறையிட ஒன்றும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்ததுதான் என் பயணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பாணமையில் தமிழும் சிங்களமும் ஒரே வாயில் வந்தன. உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, காட்டுப் பாதை திறந்ததும் உள்ளே இறங்கினோம். குமனக் காடு, குமுக்கன் ஆறு, அதைத் தாண்டினால் யால. ஆற்று மணலைக் கையால் தோண்டி ஊறவிட்டுத் தண்ணீர் எடுத்தோம். மருத மரங்களின் அடியில் நெருப்பு மூட்டிப் படுத்தோம். யானை என்ற சொல்லைக் காட்டுக்குள் வாயால் சொல்லக் கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். புது லத்தி ஆவி பறக்கக் கிடந்த இடத்திலும் சொல்லவில்லை, "அரோகரா" மட்டும் கொஞ்சம் சத்தமாக வந்தது. தொலைபேசி இரண்டாம் நாளே செத்துவிட்டது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகிக் கும்பிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. நடந்த தூரம் முழுவதையும் பஸ் ஒரே பகலில் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கியது.

மாறியது என்ன என்று தங்கச்சி கேட்பாள். தொலைபேசியைக் குறைப்பேன் என்று செய்த சபதம் ஒன்பது நாள் நின்றது. அம்மாவோடு சண்டை பிடிப்பதும் குறையவில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் கிழமை, தோணி எஞ்சினுக்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தார். என் மேசைக்கு முன்னால் கதிரை இருந்தும் நின்றுகொண்டிருந்தார். வருடக் கணக்காக எல்லாரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள், நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக "இருங்க" என்றேன். அவருக்குக் கடன் கிடைக்கவில்லை, பத்திரம் சரியில்லை. இருந்துகொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, கூட வேலை செய்யும் ஒரு தோழியின் காத்தான்குடி வீட்டுக்குப் போனேன். ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் பஸ்களில் முஸ்லிம்களைப் பற்றிய பேச்சு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நானும் பயந்தேன், கோபப்பட்டேன். ஆனால் அன்றிரவு எடுத்துப் பேச எனக்கு ஒரு நம்பர் இருந்தது. அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள்.

பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் விடவில்லை. இந்த முறை உகந்தை வரை பஸ்ஸில் போய், காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுக்கலாம் என்று முடிவு. போன சனிக்கிழமை என் பையைக் கட்டி வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்தார், பழையபடி கவிழ்த்தார். ஒரு ஷம்பூ போத்தலை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உகந்தைலயும் பைப் இருக்கு பெரியம்மா" என்றேன்.

"அப்ப நீயே சுமந்துக்க" என்று திரும்ப உள்ளே வைத்தார்.