111ஆவது பிரிகேட் தானாக எதையும் கவிழ்ப்பதில்லை

‘பாகிஸ்தானில் 111ஆவது பிரிகேட் நினைத்தால் ஆட்சி கவிழும்’ என்று சொல்லப்படுவது தவறு. அது ராவல்பிண்டியில் 10ஆவது கோரின் (பல படைப்பிரிவுகள் அடங்கிய பெரிய ராணுவ அமைப்பு) கீழுள்ள, சில ஆயிரம் வீரர்கள் கொண்ட காலாட்படைப் பிரிகேட். அரசு விழா மரியாதையும் அதிபர், பிரதமர் பாதுகாப்பும் அதன் அன்றாட வேலை. இஸ்லாமாபாத் பக்கத்திலேயே இருப்பதால்தான் ஆட்சிக் கவிழ்ப்பில் முதலில் அனுப்பப்படுகிறது. உத்தரவு மேலிருந்து வரவேண்டும்.

பிரதமர் நவாஸ் ஷெரீப் ராணுவத் தளபதி முஷாரப்பைப் பதவிநீக்கியதும் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த 1999 அக்டோபர் 12ஐயே பாருங்கள். புதிய தளபதி நியமனச் செய்தியை நிறுத்த பிடிவி (அரசுத் தொலைக்காட்சி) நிலையத்துக்கு முதலில் போன சிறு குழுவிடமிருந்து, பிரதமரின் ராணுவச் செயலாளர் ஆயுதங்களைப் பறித்துவிட்டார். கூடுதல் படை வந்து, பூட்டிய கேட்டில் ஏறிக் குதித்த பிறகே நிலையம் கைக்கு வந்தது. கொழும்பிலிருந்து திரும்பிய, தரையிறங்க அனுமதி மறுக்கப்பட்ட முஷாரப்பின் விமானம் இறங்க வழிசெய்தது இந்தப் பிரிகேடே அல்ல, கராச்சியிலிருந்த 5ஆவது கோர்.